குளச்சல் போரும் கடலோரச் சமயப் பிணக்குகளும்

குளச்சல் போர் என்பது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் 1741இல் நடந்த போர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல் கடற்கரையில் அது முடிவுக்கு வந்தது. அதில் கம்பெனிப் படை சரணடைந்தது. நல்லமிளகு வாணிகத்தை யார் கையில் வைத்திருப்பது என்பதே சண்டைக்குக் காரணம். ஆனால் போரின் விளைவுகள் வாணிகத்தோடு நிற்கவில்லை. பிடிபட்ட ஒரு வெளிநாட்டவர் வழியாக அரண்மனை அதிகாரி ஒருவர் மதம் மாறினார். அவர் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 270 ஆண்டுகள் கழித்து ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பின்னர் தோள்சீலைப் போராட்டமும், குளச்சலை அடுத்த மண்டைக்காட்டில் 1982இல் நடந்த கலவரமும் இதே வட்டாரத்தில் நிகழ்ந்தவை. அரசியலும் சமயமும் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதை இந்தச் சிறு நிலப்பரப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் தென்னகத்தில் அரிது. ஆகவே இந்நிகழ்வுகளை இக்கட்டுரை ஒரே தொடராக எடுத்துக்கொள்கிறது.

ஊரும் கரையும்

குளச்சல் கல்குளம் வட்டத்தில் அரபிக்கடலோரம் அமைந்த நகராட்சி. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் பாறைகள் துருத்தி நிற்பது தெரியும். அந்தப் பாறைகளின் மறைவில் கப்பல்கள் நங்கூரமிட முடிந்ததால் ஊருக்குப் பழங்காலத்திலேயே துறைமுகப் பெயர் வந்தது. மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஊரில் முஸ்லிம்கள் நீண்ட காலமாகவே வாணிகம் செய்து வாழ்கிறார்கள். கரையை விட்டுச் சற்று உள்ளே போனால் தென்னந்தோப்புகளும் நாடார், நாயர் முதலிய சமூகத்தாரின் குடியிருப்புகளும் தொடங்குகின்றன. கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே உள்ள இந்தக் கோடு வரைபடத்தில் இல்லை. ஆனாலும் பின்னால் வரும் பல சம்பவங்களை அதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

கரையோர மக்கள் கிறிஸ்தவம் தழுவிய கதையிலேயே அரசியல் கலந்திருக்கிறது. கிழக்குக் கரையில் முத்துக்குளிப்புத் தகராறில் நெருக்கடிக்குள்ளான பரவர்கள் 1536 முதல் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1544இல் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து, ஒரு மாதத்துக்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். அவர்கள் முக்குவர்கள் என்ற மீனவச் சமூகத்தார். மதத்தோடு சேர்த்து, கடலில் ஒரு வல்லரசின் நிழலும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நிழல் நிலைக்கவில்லை. 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும், 1663இல் கொச்சியையும் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். ஸ்பெயினின் கத்தோலிக்க அரசோடு எண்பது ஆண்டுகள் போராடி விடுதலை பெற்ற நாடு ஹாலந்து. அங்கிருந்து வந்த சீர்திருத்தச் சபைக் கம்பெனி கொச்சியிலிருந்து ஐரோப்பியப் பாதிரிமாரை வெளியேற்றியது. இலங்கையில் கத்தோலிக்க வழிபாட்டையே தடை செய்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற துறவி கூலியாள் வேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைய முடிந்தது. ஐரோப்பாவின் மதச்சண்டை இவ்வாறு இந்துமாக்கடல் மீனவரின் பூசைநேரம் வரை வந்து சேர்ந்தது.

போர்

மார்த்தாண்ட வர்மா 1729இல் ஆட்சிக்கு வந்தபோது திருவிதாங்கூர், வேணாடு என்ற சிறு அரசாகவே இருந்தது. தம்மை எதிர்த்த உள்நாட்டுப் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கிய பின் அவர் வடக்கே நகர்ந்தார். மிளகு விளையும் நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, அதன் விற்பனையை அரசின் தனியுரிமையாக்க முயன்றார். சிற்றரசர்களிடம் மலிவு விலைக்கு ஒப்பந்தம் போட்டு மிளகு வாங்கிப் பழகிய டச்சுக்காரருக்கு இது அடிமடியில் கைவைத்த கதை. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் 1739இல் கொச்சி வந்து நிலைமையைப் பார்த்தார். திருவிதாங்கூர் மன்னரைச் சந்தித்துப் படையெடுப்போம் என்று மிரட்டினார். மன்னரோ, தம் நாட்டு வள்ளங்களையும் மீனவரையும் கொண்டு ஹாலந்தின் மேல் தாமும் படையெடுக்கலாமே என்று விடை சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த விடையில் மீனவர்கள் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

1740 நவம்பரில் டச்சுக் கப்பல்கள் குளச்சல் மேல் குண்டு வீசின. 1741 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து வந்த படை கரையிறங்கியது. மன்னரின் பெரும்படை அப்போது வடக்கே இருந்தது. குளச்சலில் கோட்டை அமைத்துக்கொண்ட டச்சுக்காரர்கள் சுற்றியுள்ள கடலோர ஊர்களைப் பிடித்து, சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தலைநகர் பத்மநாபபுரத்தை நோக்கிப் போனார்கள். கல்குளம் கோட்டை முற்றுகைக்குள்ளானது. மார்த்தாண்ட வர்மா வடக்குப் போரை விட்டுவிட்டு விரைந்து தெற்கே திரும்பவும் டச்சுப் படை பின்வாங்கிக் குளச்சல் கோட்டைக்குள் ஒடுங்கியது.

அடுத்து நடந்ததில் காலத்துக்கும் கடலுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனி, ஆடி மாதக் கடலை இந்தக் கரையில் யாரும் நம்புவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மலைபோல் எழும். கப்பல் நெருங்க முடியாது, சரக்கும் ஆளும் இறக்க முடியாது. தரைப்பக்கம் திருவிதாங்கூர்ப் படை வளைத்து நின்றது, கடல்பக்கம் பருவக்காற்று அடைத்து நின்றது. கோட்டைக்குள் விழுந்த குண்டு ஒன்றில் வெடிமருந்து பற்றி, அரிசிக் கிடங்கும் எரிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. அதற்கு மேல் தாங்க வழியில்லாமல் படை சரணடைந்தது.

உதவிப்படை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை ஜாவாவில் இருக்கிறது. 1740 அக்டோபரில், கம்பெனியின் ஆசியத் தலைமையிடமாக இருந்த, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், டச்சுக்காரர் சீனக் குடிமக்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள். அதைத் தொடர்ந்து ஜாவா முழுவதும் கிளர்ச்சி மூண்டது. கொச்சியிலிருந்த டச்சுத் தலைவர் கொல்லெனெஸ் படை கேட்டபோது பத்தாவியா தன் வீட்டுத் தீயை அணைப்பதற்கே ஆளில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. குளச்சல் வெற்றியைப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வது குறைவு; சொல்வதால் வெற்றியின் பெருமை குறையாது. தகுந்த நேரம் அமைந்தபோது அதைப் பயன்படுத்தத் தெரிந்த அரசனும் தகுந்த படையும் இங்கே இருந்தன என்பதுதான் முக்கியம்.

மீனவர் பங்கு பற்றி ஊரில் வழங்கும் மரபுக் கதைகள் இரண்டு. கரைநெடுக முக்குவர்கள் தோளில் துடுப்பைத் துப்பாக்கிபோல் சாய்த்து வரிசையாக நின்றார்கள் என்பது ஒன்று. பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டினார்கள் என்பது மற்றொன்று. இவற்றுக்கு எழுத்துச் சான்று தேடுவதைவிட, கத்தோலிக்க மீனவர்கள் ஓர் இந்து அரசனுக்காக ஒரு கிறிஸ்தவக் கம்பெனியை எதிர்த்து நின்றதாகத் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருவதே பெரிய செய்தி என்று கொள்ளலாம். 1741இல் குளச்சல் கரையில் அணிகளைப் பிரித்தது மதம் அன்று.

போர் முடிந்த நாளைப் பல நூல்கள் ஆகஸ்ட் 10 என்கின்றன. இந்திய ராணுவ மரபில் ஜூலை 31 கொண்டாடப்படுகிறது. திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது பட்டாலியன் அந்த நாளைக் குளச்சல் தினமாகக் கொண்டுள்ளது. ஊரில் கடற்கரையை ஒட்டி வெற்றித்தூண் நிற்கிறது. 1753இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையில் டச்சுக்காரர் திருவிதாங்கூரின் போர்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டதோடு, ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள ஆயுதங்களை விற்கவும் இசைந்தார்கள். மலபாரில் அவர்கள் கை தாழ்ந்தது. பிற்பாடு அந்த இடத்துக்கு வந்தவர்கள் ஆங்கிலேயர்.

வலிய கப்பித்தான்

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனோய். 1715ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்த கத்தோலிக்கர். பிழைப்புக்காகச் சீர்திருத்தச் சபைக் கம்பெனியின் படையில் சேர்ந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள ஓவியம் அவரை மன்னர் முன் சரணடையும் தளபதியாகக் காட்டுகிறது. டச்சு ஆவணங்களை ஆராய்ந்தவர்களில் சிலர் அவர் போரின்போது சாதாரணப் படைநிலையில் இருந்தவரே என்கிறார்கள். எப்படியானாலும் மன்னர் அவரைச் சிறையில் போட்டு வீணாக்கவில்லை. ஐரோப்பிய முறையில் படையைப் பழக்கவும் பீரங்கி வார்க்கவும் கோட்டை கட்டவும் அமர்த்தினார். டி லனோய் திருவிதாங்கூரின் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். வடக்கெல்லையில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டையில்தான் 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் தடைபட்டது.

புலியூர்க்குறிச்சியை ஒட்டிய உதயகிரிக் கோட்டைக்கு உள்ளே போனால் அவர் கல்லறையைப் பார்க்கலாம். கூரை போன ஒரு சிற்றாலயம். கருங்கல் சுவர் மட்டும் நிற்கிறது. தரையோடு பதித்த கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை நாடுகளை அடக்கினார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1இல் இறந்தார் என்பது அதன் சாரம். மனைவியும் மகனும் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். பத்மநாப சுவாமிக்கு நாட்டையே 1750இல் திருப்படித்தானமாக எழுதிக்கொடுத்து, அவர் தாசனாக ஆண்ட அரசன், தன் கோட்டைக்குள்ளேயே ஒரு கத்தோலிக்கத் தளபதிக்குக் கோவில் கட்ட இடம் தந்தான். அக்கல்லறை முன் நிற்பவர்களுக்கு இது நினைவுக்கு வர வேண்டும்.

தேவசகாயம்

அதே அரசன் ஆட்சியில்தான் தேவசகாயம் கொல்லப்பட்டார் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்காதவர்கள் அக்காலத்தைத் தவறாகவே மதிப்பிடுவார்கள்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை அரண்மனை அலுவலர். உதயகிரிக் கோட்டைப் பணியில் டி லனோயோடு பழகி, அவர் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745 மே மாதம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரண்மனைப் பணியாளர், மேல்சாதிக்காரர், பிற சாதியாரோடு சேர்ந்து உண்டு பழகியவர். 1749இல் கைதானார். எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். சாட்டையடியும் மிளகாய்ப்பொடியும் அனுபவித்தார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் முட்டியதால் தண்ணீர் கசிந்ததாக நம்பப்படும் முட்டிடிச்சான் பாறையில் மக்கள் இன்றும் தண்ணீர் எடுக்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை தேவசகாயத்தின் சாவை விசுவாசத்துக்காகச் சிந்திய இரத்தம் என்கிறது. 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15இல் ரோமில் போப் பிரான்சிஸால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே. அந்த அறிவிப்புக்கு முன்னரே திருச்சபை அவர் பெயரிலிருந்து சாதிப் பின்னொட்டை எடுத்துவிட்டது. இது அவர் வாழ்க்கைக்குச் செய்த நியாயம். கேரள வரலாற்றாசிரியர்கள் சிலரோ, மதம் மாறியதற்காகத் திருவிதாங்கூர் யாரையும் கொன்றதற்கு அரசாவணம் இல்லை என்றும், அரச துரோகக் குற்றத்துக்கான தண்டனையாக அது இருக்கலாம் என்றும் வாதிட்டார்கள். அந்தக் காலத்தில் மதமாற்றத்தையும் அரச விசுவாசத்தையும் பிரித்துப் பார்க்க எவரும் தயாராக இல்லை என்பதே சரியான விடையாகப் படுகிறது. மூன்று பக்கமும் ஐரோப்பியர் காத்திருந்தபோது, அரண்மனைக்குள் ஓர் அதிகாரி அவர்கள் மதத்தைத் தழுவுவது சந்தேகத்துக்குரியதாகியிருக்கும். சாதி வரம்பை மீறியது அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, கொலையை ஏற்பது வேறு. மூன்றாண்டு சித்திரவதை செய்து ஒரு மனிதரைக் காட்டில் வைத்துச் சுட்டதை எந்த அரசியல் நியாயமும் கழுவாது.

தோள்சீலை

19ஆம் நூற்றாண்டில் மேலாடை சமய அரசியலின் பொருளானது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடி வந்த பின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் உள்நாட்டு நாடார்களிடையே வேரூன்றியது. மாறிய பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதை மேல்சாதியார் தங்கள் உரிமையின் மேல் விழுந்த அடியாகக் கண்டார்கள். 1822, 1828, 1858 ஆகிய ஆண்டுகளை ஒட்டி மூன்று முறை அடிதடி நடந்தது; ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. மூன்றாவது முறைக்கு ஓர் உலகச் செய்தி திரி கொளுத்தியது. 1858 நவம்பர் 1இல் விக்டோரியா அரசி, குடிமக்களின் மத வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று அறிவித்தார். இங்கே அதை, கிறிஸ்தவருக்கு இனி வெள்ளைக்காரன் துணை வரமாட்டான் என்று படித்தார்கள். இலண்டனில் எழுதிய சமய நடுநிலை வாசகம் நாஞ்சில் நாட்டுச் சந்தைகளில் பெண்களின் சேலையைக் கிழிக்கும் அனுமதியாகிவிட்டது. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பின் 1859 ஜூலை 26இல் மேலாடை உரிமை அறிவிக்கப்பட்டது. இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851), மதம் மாறாமலேயே மானத்தோடு தலைப்பாகை கட்டி வழிபட மக்களைப் பழக்கினார். மாற்றம் கோரியவர்கள் எல்லாரும் பாதிரியார் பின்னால் போனவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே சாட்சி.

மண்டைக்காடு, 1982

குளச்சலிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ளது மண்டைக்காடு. பகவதி அம்மன் புற்று வடிவில் குடிகொண்ட கோவில் இது. மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிப் பெண்கள் திரளாக வருவதால் பெண்களின் சபரிமலை என்ற பெயர் உண்டு. கடலில் நீராடி அம்மனை வணங்குவார்கள். மண்டையப்பம் நேர்ந்து வைப்பார்கள். கடலுக்குப் போகும் வழி மீனவர் ஊரான மண்டைக்காடு புதூரைத் தொட்டுச் செல்கிறது.

1982 மார்ச் 1இல், கொடை நாளில், கடலாடும் பெண்களை இழிவுபடுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டும், ஒலிபெருக்கிகளால் ஆலய வழிபாட்டுக்கு இடையூறு என்ற குற்றச்சாட்டும் மோதின. திரண்ட கூட்டத்தின் மேல் காவல்துறை சுட்டதில் 6 மீனவர் இறந்தனர். கலவரம் கரை வழியாகவும் உள்நாட்டு வழியாகவும் ஈத்தாமொழி முதலிய ஊர்களுக்குப் பரவி, வாரக்கணக்கில் நீடித்தது. வீடுகளும் படகுகளும் எரிந்தன. முதல்வர் எம்.ஜி.ஆரின் அரசு நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையம் மதமாற்ற முறைகளைக் கண்டித்து அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றது, ஆர்.எஸ்.எஸ். மதவெறுப்பை வளர்க்கும் வழிகளையும் கண்டித்தது. தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது இன்றுவரை வழக்கமாகிவிட்டது.

கலவரத்துக்கு ஓராண்டு முன்பு, 1981 பிப்ரவரியில், மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பெருந்திரளாக இஸ்லாம் தழுவியது நாட்டையே உலுக்கியிருந்தது. அதையடுத்து இந்து அமைப்புகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேகமாகப் பரவின. கிறிஸ்தவர் பெருகிவிட்டனர் என்ற அச்சம் ஒரு பக்கம், சிறுபான்மையாக நசுக்கப்படுவோம் என்ற அச்சம் மறுபக்கம். ஆயினும் அடியில் கிடந்தது பழைய கரை-உள்நாட்டுக் கோடுதான். மீன் வாங்கி விற்பவர், கடன் தருபவர், கரையில் நிலம் வாங்குபவர் பெரும்பாலும் உள்நாட்டார். நாடார்களில் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே குடும்பத்தின் கிளைகளாக இருந்தார்கள். முக்குவருக்கு அந்த உறவுப் பாலமும் இல்லை. மதக்கலவரம் என்ற பெயர் இந்தப் பொருளாதாரத்தை மறைத்துவிடுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன் இதே மாவட்டம் வேறு மாதிரி அணிவகுத்திருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டபோது, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் நேசமணியும் தாணுலிங்க நாடாரும் தோளோடு தோள் நின்றார்கள். முன்னவர் கிறிஸ்தவர், பின்னவர் இந்து. 1956 நவம்பர் 1இல் இணைப்பு நிறைவேறியது. கால் நூற்றாண்டுக்குப் பின் தாணுலிங்க நாடார் இந்து முன்னணியின் முதல் தலைவராக இருந்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மொழி என்ற பொதுக்காரியம் முடிந்ததும் ஒரு வட்டாரத்தில் எது எஞ்சுகிறது என்பதைக் காட்டவே எழுதுகிறோம்.

கலவரத்தில் நெருப்பை அணைக்க வந்தவர்களில் குன்றக்குடி அடிகளார் முதன்மையானவர். சைவ மடத்தின் தலைவரான அவர் கரையோரக் கிறிஸ்தவர் வாழும் ஊர்களுக்குள் நடந்து சென்று அமர்ந்து பேசினார். அரசு ஆணைகளைவிட அந்த நடை விரைவாக வேலை செய்ததாகப் பழைய தலைமுறையினர் சொல்வார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. இத்தகைய சமநிலை தமிழகத்தில் வேறெங்கும் இல்லை. ஒவ்வொரு மாசியிலும் கொடைக்கு வரும் பெண்கள் இன்றும் புதூரைக் கடந்துதான் கடலாடப் போகிறார்கள்.